முதலில் செருப்பை இறக்குங்கள்

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 74. திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் விவசாயம் பார்த்தவர். அம்மா இறந்த பிறகு, எட்டு மாதமாக மந்தைவெளியில் எங்களோடு இருக்கிறார். சர்க்கரை உண்டு. தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொல்கிறார் டாக்டர். இவரோ நடக்க மாட்டேன் என்கிறார். ஞாயிற்றுக்கிழமை காரில் பூங்காவுக்குக் கூட்டிப்போனாலும் பெஞ்சில் உட்கார்ந்துவிடுகிறார். ஒருநாள் விடியற்காலையில் சொல்லாமல் டீ குடிக்கப் போய், தெரு மாறி, மூன்று மணி நேரம் கழித்து ஒரு ஆட்டோக்காரர் கொண்டுவந்து விட்டார். அதிலிருந்து அவர் செருப்பைப் பரணில் எடுத்து வைத்துவிட்டேன். மற்றபடி ஞாபகமெல்லாம் நன்றாக இருக்கிறது, பேரனுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறார். மரமும் அமைதியுமாக, அவர் மனதுக்குப் பிடித்த மாதிரி நடக்கச் சென்னையில் எங்கே இடம் இருக்கிறது?

- பெயர் வேண்டாம், மந்தைவெளி

பதில்: இடம் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு ஏறி அந்தச் செருப்பை இறக்குங்கள்.

அதை ஒரே வரியில் எழுதிவிட்டு மேலே போய்விட்டீர்கள். என்னால் அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. வாசலுக்கு வந்து குனிந்து பார்க்கிறார், செருப்பு இல்லை. எங்கே என்று உங்களிடம் கேட்டாரா? கேட்டிருக்க மாட்டார். பெற்ற பெண்ணிடம் போய் "என் செருப்பு எங்கேம்மா" என்று கேட்டு, "இப்ப எதுக்குப்பா" என்ற பதிலை வாங்கிக்கொள்ள எந்த அப்பாவுக்கும் மனம் வராது. பேசாமல் உள்ளே போய் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார். அதைத்தான் "நடக்க மாட்டேன் என்கிறார்" என்று எழுதியிருக்கிறீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை செருப்பை யார் எடுத்துக் கொடுப்பது? நீங்கள்தானே? வீடு திரும்பியதும் அது மறுபடி பரணுக்குப் போகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைக்கு ஷூ மாட்டிக் கூட்டிப்போகிற மாதிரி கூட்டிப்போனால், அவர் பெஞ்சில் உட்காராமல் வேறென்ன செய்வார்?

தொலைந்துவிடுவாரோ என்று பயந்தீர்கள். பயந்தவர் தெருவைக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும். இந்த எட்டு மாதத்தில் அவரோடு தெருமுனை வரைக்கும் ஒருநாளாவது நடந்தீர்களா? கடிதத்தில் கார் இருக்கிறது, டாக்டர் இருக்கிறார், ஆட்டோக்காரர்கூட இருக்கிறார். நீங்கள் அப்பாவோடு நடந்ததாக ஒரு வரி இல்லை.

அப்பாவைக் கூட்டிவந்து வைத்துக்கொண்டோம், வேளைக்குச் சோறும் மாத்திரையும் கொடுக்கிறோம், கடமை முடிந்தது என்கிற கடிதங்கள் எனக்கு வாரம் தவறாமல் வருகின்றன. என்னைக் கேட்டால் அது பாதிக் கடமைதான். பெரியவர் தன் இஷ்டத்துக்கு வெளியே போய், தன் நேரத்துக்குத் திரும்பி வர முடிகிற வீடாக நம் வீடு இருக்க வேண்டும். என் மாமனாரை நாங்களும் மூன்றாவது மாடியில் இரண்டு வருடம் பத்திரமாக வைத்திருந்தோம். அவர் கீழே இறங்கிய நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இன்றைக்கும் அது எனக்கு உறுத்துகிறது. அதனால்தான் இவ்வளவு கடுமையாகச் சொல்கிறேன்.

இன்னொன்று. உங்கள் அப்பா வாழ்நாளில் 'வாக்கிங்' போனவர் இல்லை. அவர் நடந்ததெல்லாம் எதையாவது பார்த்துவரத்தான். மடை உடைந்திருக்கிறதா, எலி வரப்பைத் தோண்டியிருக்கிறதா, ஜூன் 12 மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணை தாண்டி நம் வாய்க்காலுக்கு வந்துவிட்டதா என்று பார்க்க நடந்த கால்கள் அவை. அவரைக் கொண்டுபோய்க் கல் பாவிய பாதையில் செக்கு மாடு மாதிரி எட்டுச் சுற்று சுற்றச் சொல்கிறீர்கள்.

அவருக்கு வேலை கொடுங்கள். மந்தைவெளியில் இருந்துகொண்டு கபாலீசுவரர் கோயிலை விட்டுவிட்டு எங்கேயோ தேடுகிறீர்களே! காலை ஆறு மணிக்கு மாட வீதி வழியாகத் தெப்பக்குளத்துக்குப் போகட்டும். குளத்தில் தண்ணீர் எத்தனை படி ஏறியிருக்கிறது, எத்தனை படி இறங்கியிருக்கிறது என்று தினமும் வந்து சொல்லச் சொல்லுங்கள். தண்ணீரைப் பார்த்துக் கணக்குச் சொல்வது அவருக்குத் தெரிந்த தொழில். திரும்பும்போது ஒரு கட்டு முருங்கைக்கீரை வாங்கி வரட்டும். பேரனிடம் ஒரு நோட்டைக் கொடுத்துப் படிக்கணக்கை எழுதச் சொல்லுங்கள்.

முதல் பத்து நாள் நீங்களும் கூடப் போங்கள், ஆனால் ஒரு அடி பின்னால். எந்தத் திருப்பத்தில் திரும்புவது என்று அவர்தான் முடிவு செய்ய வேண்டும். டீக்கடை, இஸ்திரி வண்டி, பிள்ளையார் கோயில், பூக்காரம்மா என்று அடையாளம் வைத்துக்கொள்வார். டீக்கடைக்காரரிடம் "இவர் எங்க அப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். சட்டைப் பையில் விலாசமும் உங்கள் நம்பரும் எழுதிய சீட்டு, ஒரு பட்டன் போன், சர்க்கரை திடீரென்று இறங்கினால் வாயில் போட்டுக்கொள்ள இரண்டு மிட்டாய். அப்புறம், கோயில் பிரகாரத்தில் வெறுங்காலோடுதான் நடக்க வேண்டும். அதனால் கல் சுடுவதற்கு முன்பே, அதுவும் கால் மரத்துப்போகாமல் இருந்தால் மட்டும் போகட்டும். சர்க்கரைக்காரருக்குப் பாதம் மரத்திருந்தால் முள் குத்தினாலும் தெரியாது. தினமும் இரவு உள்ளங்காலைப் பார்ப்பது உங்கள் வேலை. பத்து நாள் பழகிய தெருவிலும் வழி தப்பினால் அது வேறு விஷயம். தள்ளிப்போடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

சரி, நீங்கள் கேட்ட இடங்கள். லஸ்ஸில் நாகேஸ்வர ராவ் பூங்கா பக்கம்தான், ஆனால் காலையில் கூட்டம் இருக்கும். அடையாறு பிரம்மஞான சபையில் நிழலுக்குக் குறைவே இல்லை. அங்குள்ள பெரிய ஆலமரத்தின் தாய்மரம் 1989-ல் புயலில் சாய்ந்தது. இப்போது விழுதுகள்தான் மரமாக நிற்கின்றன. வெளியாட்களை உள்ளே விடும் நேரம் குறைவு, விசாரித்துவிட்டுப் போங்கள். கடல் பார்க்க ஆசைப்பட்டால், மெரினாவில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே மணலில் 263 மீட்டருக்கு மரப்பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். மணலில் கால் புதையாது.

என்னைக் கேட்டால் கோட்டூர்புரம் மரப் பூங்காவுக்குத்தான் அவரை அழைத்துப் போகச் சொல்வேன். தன்னார்வலர்கள் சேர்ந்து நாட்டு மரங்களாக வைத்து வளர்த்த இடம். காரை எடுக்காதீர்கள். மந்தைவெளியில் பறக்கும் ரயில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம் கோட்டூர்புரம். ஸ்டேஷனில் படிகள் அதிகம். லிஃப்ட் ஓடுகிறதா என்று முந்தின நாளே போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். டிக்கெட்டை அப்பா எடுக்கட்டும். உள்ளே போனதும் எது என்ன மரம் என்று அவர் உங்கள் மகனுக்குச் சொல்ல ஆரம்பிப்பார். நீங்கள் போனை உள்ளே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டே பின்னால் வாருங்கள்.