தொட்டி மீன் வாங்க முன்னம் தண்ணீரைக் கவனியுங்கள்

கல்லடியிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, சனிக்கிழமை மகளுக்குப் பிறந்தநாள். வெள்ளிக்கிழமை இரண்டடித் தொட்டி வாங்கித் தண்ணீர் நிரப்பி, அடுத்த நாள் கோல்ட்பிஷ் இரண்டு விடலாம்தானே?

வேண்டாம் தம்பி. தொட்டியை இப்போது கொடுங்கள், மீனைப் பிறகு மகளே கடைக்கு வந்து தெரிவு செய்யட்டும். மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் மீனுக்கு நஞ்சான அமோனியா வரும். அதை நைத்திரைற்றாகவும், பிறகு அவ்வளவு கெடுதல் செய்யாத நைத்திரேற்றாகவும் மாற்றுகிற பக்டீரியா, தண்ணீரைச் சுத்தமாக்கும் பில்டரின் பஞ்சில்தான் குடியிருக்கும், புதுப் பஞ்சில் அது வளர 4 முதல் 6 கிழமை எடுக்கும். அதுவரைக்கும் பில்டரை ஓடவிட்டு, வெறும் தொட்டியில் தினமும் ஒரு சிட்டிகை தீனி போட்டு வாருங்கள். அதன் பிறகு பரிசோதனைக் கிட்டில் அமோனியாவும் நைத்திரைற்றும் 0 காட்டினால் மீன் விடலாம். தெரிந்தவரிடம் நோயில்லாத பழைய தொட்டி இருந்தால் அவருடைய பஞ்சில் ஒரு துண்டு கேளுங்கள், ஈரம் காயாமல் அந்தத் தொட்டித் தண்ணீரிலேயே கொண்டு வந்தால் காத்திருக்கும் நாள் நன்றாகக் குறையும். இன்னொன்று, இரண்டடித் தொட்டி ஏறக்குறைய 55 லீற்றர்தான் பிடிக்கும், கோல்ட்பிஷ் பெரிதாக வளரும், கழிவும் அதிகம். கப்பி என்ற சின்ன மீன் 5, 6 விட்டால் பிள்ளைக்கும் பார்க்க அழகு.

காத்தான்குடியிலிருந்து ஒரு தங்கச்சி: எங்கள் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உவர். பாவிக்கலாமா?

லேசான உவர் என்றால் மொலி மீனும் கப்பியும் சந்தோசமாக இருக்கும். நியோன் டெட்ராவை மட்டும் ஆசைப்பட்டு வாங்காதீர்கள், அதற்கு உப்பும் சுண்ணாம்பும் குறைந்த மென்மையான தண்ணீர் வேண்டும்.

மட்டக்களப்பு டவுன்: பைப் தண்ணீரில் குளோரின் போக ஒரு இரவு வைத்தால் போதுமா?

குளோரின் மட்டும் என்றால் திறந்த வாளியில் ஒரு நாள் வைக்கப் போய்விடும். குளோரினும் அமோனியாவும் சேர்ந்த குளோரமைன் கலந்திருந்தால் போகாது. அன்டிகுளோரின் மருந்து விலை குறைவு, அதையே போட்டுவிடுங்கள்.

கல்முனை: கடற்கரை மணலும் சிப்பியும் போடலாமா அண்ணா?

மென்மையான தண்ணீர் வேண்டிய மீன்களுக்குச் சிப்பி கூடாது, அதிலுள்ள சுண்ணாம்பு கரைந்து தண்ணீரைக் கடினமாக்கும். கடல் மணலிலும் சிப்பித்தூளும் உப்பும் உண்டு. ஒரு கரண்டி மணலில் வினாகிரி விட்டுப் பாருங்கள், நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. ஆற்று மணல்தான் நல்லது. வாளியில் போட்டுக் கையால் கிளறும்போது முதலில் பால் மாதிரி கலங்கும், ஏழெட்டுத் தண்ணீர் மாற்றிய பிறகு அடியில் உங்கள் விரல் தெளிவாகத் தெரியும், அப்போது போதும். சவர்க்காரம் தொட்டிப் பக்கமே வரக்கூடாது.

அக்கரைப்பற்று: கறண்ட் பில் கூடுகிறது. இரவில் பில்டரை நிறுத்தட்டா?

தயவுசெய்து நிறுத்தாதீர்கள். ஓட்டமில்லாமல் கிடந்தால் பஞ்சில் ஒட்சிசன் தீர்ந்து அந்தப் பக்டீரியா சாகும். சின்ன பில்டர் 5 வாற்றுக்குள்தான் எடுக்கும், செலவைக் குறைக்க வேண்டுமென்றால் லைட்டை அணையுங்கள். பஞ்சு அடைத்தால் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழியுங்கள், பைப் தண்ணீரின் குளோரின் அந்தப் பக்டீரியாவைக் கொல்லும். நான் முதல் வருசம் பைப்பைத் திறந்துவிட்டுப் பளிச்சென்று கழுவினேன், நான்கே நாளில் ஆறு மொலியும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின, இரண்டைத்தான் காப்பாற்ற முடிந்தது. இப்போதும் பஞ்சைப் பிழியும்போது அந்த வாய்கள்தான் ஞாபகம் வரும்.

ஏறாவூர்: மீன் கொண்டு வந்தவுடன் பையைக் கவிழ்க்கலாமா?

வேண்டாம். 20 நிமிடம் பையை மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேர்த்து, பிறகு வலையால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். கடைத் தண்ணீரை வெளியே ஊற்றுங்கள். அன்றைக்குத் தீனி போட வேண்டாம், லைட்டும் போட வேண்டாம்.