இரண்டு நாள் ஓய்வுக்கு மாமல்லபுரம்

வணக்கம். பிள்ளைகளை முதன்முறையாகப் பாட்டி வீட்டில் விட்டுவிட்டு, கணவரும் நீங்களும் இரண்டு நாள் கடலோரத்தில் நல்ல உணவோடு ஓய்வெடுக்கப் புதுச்சேரியா மாமல்லபுரமா என்று கேட்டிருந்தீர்கள். சென்னையிலிருந்து புதுச்சேரி ஏறத்தாழ 150 கிலோமீட்டர். மாமல்லபுரமோ கிழக்குக் கடற்கரைச் சாலையில் 60 கிலோமீட்டருக்குள் இருப்பதால், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அழைப்பு வந்தாலும் விரைவில் திரும்பிவிடலாம் என்ற நிம்மதியே உங்களுக்குப் பாதி ஓய்வைத் தந்துவிடும். கடலைப் பார்த்த அறையாகக் கேட்டு வாங்குங்கள். சூரியன் உதிப்பதை அறையிலிருந்தே காணலாம். மதிய உணவை விடுதியில் முடித்துவிடாமல், கடற்கரையை ஒட்டிய சிறு உணவகங்களில் அன்று வந்த மீனைக் காட்டச் சொல்லி, விலையைப் பேசிக்கொண்ட பின்னரே வறுக்கச் சொல்லுங்கள். அலையின் இழுப்பு அங்கே கடுமையானது. ஆகவே தயவுசெய்து கடலில் நீந்த வேண்டாம், விடுதியின் நீச்சல்குளமே போதும். கூட்டமில்லாத வார நாளாகப் பார்த்துச் செல்லுங்கள்.