சிவப்பாக வந்த அப்பாவின் மைனர்: கராச்காரர் காரைப் பிடித்து வைக்கலாமா?

வட்டுக்கோட்டையிலிருந்து ஒரு தம்பி நீளமாக எழுதியிருக்கிறார், சுருக்கித் தருகிறேன். 1957 ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் கார். அப்பா 1979 இல் ஒரு வாத்தியாரிடம் காசு கொடுத்து வாங்கியது, அப்பா காலமாகி இரண்டு வருடம். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் தகட்டுப் பெட்டி துருப்பிடித்துப் போனதால் அதை வெட்டிப் புதுத் தகடு வெல்டிங் செய்யவும், முன் சஸ்பென்சனைப் புதுப்பிக்கவும், பழைய சாம்பல் நிறத்திலேயே பெயின்ட் அடிக்கவும் ஒரு கராச்சில் விட்டிருக்கிறார். வாய்ப்பேச்சு ஆறரை லட்சம். கனடாவில் இருக்கும் அண்ணா அனுப்பிய காசில் நாலரை லட்சம் கொடுத்தாயிற்று. பதின்மூன்று மாதம் கழித்து கார் சிவப்பு நிறத்தில், நிலத்தோடு ஒட்டினாற்போல் இறக்கப்பட்டு, அகலச் சில்லு போட்டு, அது முட்டாமல் இருக்க மட்காட் ஓரமும் வெட்டப்பட்டு நிற்கிறது. மிச்சம் இரண்டு லட்சத்தோடு மேலதிகமாக மூன்றே முக்கால் லட்சம் தந்தால்தான் திறப்பு என்கிறார் முதலாளி. தம்பியின் கேள்விகள்: அவர் காரைப் பிடித்து வைக்கலாமா, மேலதிகக் காசு நான் கட்ட வேண்டுமா, மற்றத் திறப்பு வீட்டில் இருக்கிறது, இரவோடு இரவாகப் போய் எடுத்து வரலாமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: வேண்டாம். சொந்தக் கார்தானே என்று போய் எடுத்தால் நாளைக்கு நீதிமன்றத்தில் நல்ல பிள்ளையாக நிற்க வேண்டிய நீங்கள் பூட்டு உடைத்தவராக நிற்பீர்கள், பொலிஸில் முதல் முறைப்பாடும் அவருடையதாக இருக்கும். அதோடு, அந்தக் கார் ஓட்டக்கூடிய நிலையில் இருக்கிறதா என்பதே சந்தேகம், அதைக் கீழே சொல்கிறேன்.

பிடித்து வைக்கலாமா? ஓரளவுக்கு, ஆம். இலங்கையில் எங்கள் பொதுச்சட்டம் உரோம-டச்சுச் சட்டம். வேலை செய்த கைவினைஞர் தன் கூலி கிடைக்கும் வரை பொருளைக் கையில் வைத்திருக்கும் உரிமையை அது தருகிறது. ஆனால் பொதுவாக நீங்கள் கேட்ட வேலைக்கும், காரைக் காப்பாற்ற அவசியமாக இருந்த வேலைக்கும்தான் அந்த உரிமை நீளும். அலங்காரத்துக்காக அவராகச் செய்ததற்கு இல்லை. சிவப்பு நிறமும் காரை இறக்கியதும் அவருடைய ஆசை, உங்களுடைய ஒப்பந்தம் இல்லை.

ஆனால் ஒன்று. அகலச் சில்லின் படத்தை அவர் வட்ஸ்அப்பில் அனுப்பியபோது பெருவிரலைத் தூக்கிக் காட்டும் படத்தைப் பதிலாகப் போட்டேன் என்று கடிதத்தின் கடைசியில், ஏதோ சின்ன விசயம் போல எழுதியிருக்கிறீர்கள். தம்பி, அது சின்ன விசயம் இல்லை. 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல் வாங்கல் சட்டம் வந்த பிறகு இப்படியான செய்திகளைத் தட்டிக் கழிக்க முடியாது. அந்த விரலை அவருடைய சட்டத்தரணி பெரிதாக அச்சடித்துக் கொண்டு வருவார். சில்லுக்கான காசை நீங்கள் கட்ட வேண்டி வரலாம் என்று இப்போதே மனதை ஆயத்தப்படுத்துங்கள். மற்றவற்றுக்கு அப்படியொரு விரல் இல்லையென்றால் நிலைமை உங்கள் பக்கம். குரல் பதிவு உட்பட எதையும் அழிக்க வேண்டாம், ஃபோனையும் மாற்ற வேண்டாம்.

இனி கார். சட்டத்தரணியான எனக்கு இது தேவையா என்று கேட்பீர்கள், ஆனால் இந்த வழக்கு நிற்பதே இங்கேதான். மைனருக்குப் பழைய லொறி மாதிரித் தனிச் சட்டகம் கிடையாது, உடம்பே சட்டகம். கதவுக்குக் கீழே ஓடும் அந்தப் பெட்டி காரின் முதுகெலும்பு மாதிரி. ஒரு காந்தத்தை எடுத்துக்கொண்டு போங்கள், ஃப்ரிட்ஜில் ஒட்டுவது போதும். வாசற்படி நெடுக வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் வழுக்கி விழும் இடத்தில் தகடு இல்லை, ஓட்டையை நிரப்பிப் பூசும் புட்டிதான். விரல் முட்டியால் தட்டினால் சத்தமும் மாறும், தகடு ஒலிக்கும், புட்டி மொத்தென்று இருக்கும். காந்தம் விழுவதை வீடியோவாக எடுங்கள். பிறகு ஜாக்கியை வைத்து ஒரு பக்கம் தூக்கச் சொல்லி, தூக்கிய நிலையில் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். கதவு இறுகினால் அந்தக் கார் நடுவில் வளைகிறது. கண்ணாடி போல மினுங்கும் பெயின்டைப் பார்த்து மயங்கும் வேலை எங்களுக்கு இல்லை.

சஸ்பென்சனில் இரண்டு விசயத்தைப் பிரித்துப் பாருங்கள். முன்பக்கம் இறங்கியிருப்பது டோர்ஷன் பார் என்ற முறுக்குக் கம்பியின் பல்லை ஒன்றிரண்டு தள்ளிப் போட்டதால் என்றால், திரும்பப் பழைய பல்லில் போட்டு உயர்த்தலாம். பின்பக்கம் வில்லுத் தகட்டுக்கும் அச்சுக்கும் நடுவில் கட்டை வைத்திருந்தால் அதையும் கழற்றலாம். மைனரின் மட்காட் நான்கும் போல்ட் போட்டுப் பூட்டியவை, வெட்டியதைக் கழற்றி வேறு போடலாம். ஆகவே இதெல்லாம் “பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவு” என்ற கணக்கில் வரும், அந்தச் செலவுக்கு வேறொரு கராச்சில் எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள். கழற்றிய பழைய பொருட்கள் எங்கே என்றும் எழுத்தில் கேளுங்கள், அவை உங்களுடைய சொத்து. பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார் என்றால் அது தனிக் கணக்கு.

மற்றது டிரனியன். முன் சில்லைத் தாங்கும் தண்டின் கீழ் முனை திருகி நிற்கும் உலோகத் துண்டு. கிறீஸ் இல்லாமல் தேய்ந்தால் திருகு நழுவி, ஓடிக்கொண்டிருக்கும்போதே சில்லு உள்ளே மடிந்து கார் மூக்குக் குத்தும். என் சித்தப்பாவின் மைனர் நல்லூர்ப் பின்வீதியில் அப்படித்தான் குந்தியது, நல்ல காலம், நடக்கிற வேகத்தில். “முன் சஸ்பென்சன் புதுப்பித்தேன்” என்று காசு வாங்கியவர் இந்தத் துண்டை மாற்றவில்லையென்றால், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் சொல்லும் “உரிய திறமையும் கவனமும்” அங்கே இல்லை. எழுதாவிட்டாலும் ஒவ்வொரு சேவை ஒப்பந்தத்திலும் அந்த உத்தரவாதம் உள்ளே இருக்கிறது. அதிகாரசபைக்கு எழுத்தில் முறைப்பாடு செய்ய மூன்று மாதம்தான் உண்டு. வேலை முடிந்தது என்று அவர் சொன்ன நாளிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள், அதுதான் பாதுகாப்பு. அதிகாரசபையை 1977 என்ற இலக்கத்தில் கூப்பிட்டுக் கேட்கலாம், ஆனால் கையெழுத்திட்ட கடிதம் வேறு, ஃபோன் வேறு.

நீதிமன்றத்துக்கான காலக்கெடு 1871 ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டத்தில் இருக்கிறது. எழுதாத ஒப்பந்தத்துக்கு மூன்று வருடம், எழுதியதற்கு ஆறு. உங்களுடையதை மூன்று என்றே வைத்துக்கொள்ளுங்கள். வேடிக்கை என்னவென்றால், செய்த வேலைக்கான கூலியைக் கேட்டு வழக்குப் போட அவருக்கு ஒரு வருடம்தான். ஆகவே “அண்ணை, காசு தாறன், கொஞ்சம் பொறுங்கோ” என்று எழுதி அனுப்பிவிடாதீர்கள், கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டால் காலம் திரும்ப முதலிலிருந்து ஓடும். அதற்காக ஒரு வருடம் ஒளிந்திருக்கவும் சொல்லவில்லை, கார் அவர் கொட்டிலில் அல்லவா நிற்கிறது.

நான் என்றால் இப்படிச் செய்வேன். காரை ஒரு மதிப்பீட்டாளருக்குக் காட்டி அறிக்கை எடுத்து, சட்டத்தரணி மூலம் கோரிக்கைக் கடிதம். ஒப்புக்கொண்ட ஆறரையில் மிச்சம் இரண்டு லட்சத்தை, என் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல், காரைத் தரும்போது தர ஆயத்தம் என்று அதில் எழுத வேண்டும். ஒப்புக்கொண்ட காசு முழுவதையும் நீட்டிய பிறகும் பிடித்து வைத்திருந்தால் அவருடைய பிடி தளரும். மறுத்தால், தொகையைப் பொறுத்து முதலில் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டியிருக்கும், எங்கள் சனம் இணக்க சபை என்று சொல்லும் அதேதான். அங்கே தீராவிட்டால் மாவட்ட நீதிமன்றம். பிணை வைத்துக் காரை வெளியே எடுக்க அங்கே கேட்கலாம். உண்மையைச் சொன்னால், இப்படியானவற்றில் பாதிக்கு மேல் கோரிக்கைக் கடிதத்தோடு கதைத்து முடிந்ததைத்தான் என் அனுபவத்தில் கண்டிருக்கிறேன்.

இப்போது நீங்கள் கேட்காத கேள்வி. கார்ப் புத்தகம், அதாவது பதிவுப் புத்தகம், இன்னும் அப்பாவின் பெயரில் என்றால் வழக்குப் போடுவது யார்? யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட குடும்பம் என்று எடுத்துக்கொண்டால், கலியாணத்துக்குப் பிறகு காசு கொடுத்து வாங்கிய கார் அப்பாவின் தேடிய தேட்டம். உயில் இல்லையென்றால் அதில் பாதி அம்மாவுக்கு, மற்றப் பாதி பிள்ளைகள் எல்லோருக்கும். வேலையை ஒப்படைத்தவர் என்ற முறையில் நீங்கள் ஒப்பந்தத்தில் வழக்காடலாம், ஆனால் உரிமை பற்றிப் பேச வரும்போது அம்மாவும் கனடா அண்ணாவும் கையெழுத்தோடு பக்கத்தில் நிற்க வேண்டும். இதை முதலில் சரி செய்யுங்கள்.

புத்தகத்தில் உள்ள சட்டக இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் காரில் உள்ளவற்றோடு ஒருக்கா ஒப்பிடுங்கள். பொனட்டைத் திறந்தால் எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தகட்டுச் சுவரில் இலக்கத் தகடு இருக்க வேண்டும். பெயின்ட் அடிக்கக் கழற்றித் தொலைத்திருந்தால் அதுதான் இந்தக் கதையில் மிகப் பெரிய இழப்பு, நிறம் எல்லாம் அப்புறம். எஞ்சின் இலக்கம் பொருந்தாவிட்டால் உடனே கராச்சில் பாய வேண்டாம். யுத்தகாலப் பொருளாதாரத் தடையில் பெற்றோலுக்குப் பதில் மண்ணெண்ணெய் குடித்துத் தேய்ந்த எஞ்சின்களைக் கிடைத்ததோடு மாற்றிப் போட்டு ஓடிய ஊர் இது, அப்பாவே மாற்றியிருக்கலாம்.

நிறத்தை மாற்றினால் புத்தகத்திலும் மாற்ற வேண்டும், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்காமல் சிவப்புக் காரைச் சாம்பல் புத்தகத்தோடு ஓட்டினால் வீதியில் மறிப்பார்கள், விபத்து என்றால் காப்புறுதிக்காரருக்கும் ஒரு சாட்டுக் கிடைக்கும். சிவப்பு பார்க்க வடிவாகத்தான் இருக்கிறது, விட்டுவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதை அம்மாவிடம் கேளுங்கள், பாதிக் கார் அவருடையது.