உறையைப் பிரிக்கும் முன் ஒருமுறை கேளுங்கள்

கேள்வி: நோர்வேப் பாடகி சில்யே நெர்கார்ட் 1990இல் பாடிய ‘டெல் மீ வேர் யூ ஆர் கோயிங்’ பாடலை இளவயதில் விரும்பிக் கேட்டிருக்கிறேன். 2001இல் வெளிவந்த அவருடைய ‘அட் ஃபர்ஸ்ட் லைட்’ தொகுப்பை இப்போது வாங்க நினைக்கிறேன். நோர்வேயில் ஒருவர் பழைய இறுவட்டை 12 யூரோவுக்குத் தருகிறார்; தபாற்செலவு 8 யூரோ. இங்குள்ள கடையொன்றின் இணையத்தளத்தில் புதிய பிரதி 17 யூரோ, தபாற்செலவு இல்லை. எதை வாங்கலாம்? வினைல் தட்டுக்காகக் காத்திருக்கலாமா?
– ஜேர்மனியிலிருந்து ஒரு வாசகி

பதில்: கடையில் உள்ள புதிய இறுவட்டையே வாங்குங்கள். நோர்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாததால், அங்கிருந்து வரும் பொதிக்கு ஜேர்மனியில் 19 சதவீத மதிப்புக்கூட்டு வரி உண்டு. அந்த வரி தபாற்செலவையும் சேர்த்தே கணக்கிடப்படுவதால், உங்கள் 20 யூரோ 23.80 ஆகிவிடும். வரியைச் செலுத்திப் பொதியை விடுவிக்கும் அஞ்சல் நிறுவனம் தன் கட்டணத்தையும் அதன்மேல் கேட்கும். விற்பவர் தனிநபர் என்றால், இணையக் கடைகளில் வாங்குவோருக்குள்ள 14 நாள் திருப்பியனுப்பும் உரிமையும் உங்களுக்குக் கிடைக்காது.

கடையில் வாங்கும்போதும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முத்திரையிட்ட இசைப்பதிவின் உறையைப் பிரித்துவிட்டால், பிடிக்கவில்லை என்ற காரணத்துக்காக அதைத் திருப்பியனுப்பும் உரிமை போய்விடும். தட்டில் பழுது இருந்தால் மாற்றித் தரும் பொறுப்பு கடைக்கு அப்போதும் உண்டு. எனவே பிரிப்பதற்கு முன் முழுத் தொகுப்பையும் இணையத்தில் ஒருமுறை கேட்டுவிடுங்கள். நீங்கள் விரும்பிய பழைய பாடல் அமெரிக்க ஜாஸ் கலைஞர் பாட் மெத்தினியின் கிட்டாரோடு வந்த பொப் பாடல். அதே துள்ளலை எதிர்பார்த்து இத்தொகுப்பை வாங்குபவர் முதல் நாள் ஏமாறக்கூடும் என்பதால்தான் இதை வற்புறுத்துகிறேன்.

இத்தொகுப்பின் மெட்டுகள் பொப் பாடல்களைப் போல எளிதில் மனத்தில் பதிபவை. அவற்றைச் சுமந்து செல்வதோ பியானோவில் தூர் குஸ்தாவ்சென், பாஸில் ஹரால்ட் யோன்சென், டிரம்ஸில் யார்லே வெஸ்பெஸ்டாட் என்ற மூவர் அடங்கிய ஜாஸ் குழு. பெரும்பாலான பாடல்களுக்கு நெர்கார்டே இசையமைத்திருக்கிறார். பாடல் வரிகள் மைக் மக்கர்க்குடையவை. ‘பீ ஸ்டில் மை ஹார்ட்’ பாடலில் குரல் தணியும் இடங்களில் பியானோ ஓரிரு சுரங்களோடு நின்றுகொள்ளும். அந்த இடைவெளிக்காகவே இத்தொகுப்பைப் பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பக் கேட்டு வருகிறேன்.

வினைல் பற்றிய உங்கள் கேள்விக்கும் விடை அதில்தான் இருக்கிறது. ஆரவாரமான இசையில் ஊசியின் கரகரப்பு மறைந்துபோகும். இவ்வளவு அமைதியான பதிவில் ஒவ்வொரு தூசியும் காதில் விழும். நல்ல சுழல்தட்டும், தட்டைத் துடைத்து வைக்கும் பொறுமையும் ஏற்கெனவே உங்களிடம் இல்லையென்றால் காத்திருக்க வேண்டியதில்லை.

பியானோ உங்களைக் கவர்ந்தால், அதே மூவர் பாடகியின்றி வாசித்து, மியூனிக் நகரின் ஈசிஎம் நிறுவனம் 2003இல் வெளியிட்ட ‘சேஞ்சிங் பிளேசஸ்’ தொகுப்பை அடுத்ததாக வாங்கலாம். ஜேர்மன் நிறுவனத்தின் வெளியீடு என்பதால், அதற்காக நோர்வேயிலிருந்து பொதி தருவிக்கும் தேவையும் இராது.