ஊமத்தங் கஷாயமும் சளி மாத்திரையும்

திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "என் மாமியாருக்கு 68 வயது, பல வருஷ இளைப்பு. யாரோ சொன்னார்கள் என்று காய்ந்த ஊமத்தை இலையைச் சுருட்டிப் புகைத்தார். அது போதவில்லை என்று மறுநாள் இலையைக் கஷாயம் வைத்துக் குடித்துவிட்டார். ஒரு மணி நேரத்தில் என் கணவரையே 'நீ யாருப்பா' என்று கேட்டார். காற்றிலிருந்து இல்லாத நூலை இழுத்துக்கொண்டே இருந்தார். இரண்டு நாள் மருத்துவமனையில் வைத்திருந்து அனுப்பினார்கள். அவர் வழக்கமாகப் போடும் சளி மாத்திரையை நிறுத்தவும், தூக்கத்துக்குப் போடும் அமிட்ரிப்டிலினைக் குறைத்து நிறுத்தவும் சொல்லியிருக்கிறார்கள். ஊமத்தைக்கும் மாத்திரைக்கும் என்ன சம்பந்தம்? மூளை பழையபடி ஆகுமா? கொல்லையில் இருக்கும் செடியை வெட்டிவிடலாமா?"

மூளையைப் பற்றிய கவலையை முதலில் பார்ப்போம். ஊமத்தை மூளைச் செல்லை அரிப்பதில்லை. அதிலுள்ள அட்ரோப்பின், ஸ்கோபலமின் ஆகிய சரக்குகள் மூளையில் வந்து உட்கார்ந்து, உடம்பு அவற்றைக் கழித்ததும் எழுந்து போய்விடுகின்றன. காய்ச்சல் எல்லை மீறாமல், வலிப்பு வராமல், கீழே விழுந்து அடிபடாமல் இந்த இரண்டு நாளைக் கடந்துவிட்டால் பெரும்பாலானவர்கள் பழைய நிலைக்கு வந்துவிடுவார்கள். வயதானவர்களுக்கு மட்டும் அந்தக் குழப்பத்தின் மிச்சம் சில வாரங்கள் இருக்கலாம். ஒரு மாதம் கழித்தும் பெயர் மறப்பது, சமையலில் வரிசை தப்புவது தொடர்ந்தால் அதை ஊமத்தையின் கணக்கில் எழுதிவிடாமல் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஏற்கெனவே உள்ளே மெதுவாகத் தொடங்கியிருந்த மறதி நோய், இப்படி ஒரு சம்பவத்துக்குப் பிறகு வெளியே தெரிவதுண்டு.

இனி சம்பந்தத்துக்கு வருவோம். நரம்புகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தைப் பயன்படுத்துகின்றன. கவனம், புதிதாக ஒன்றை நினைவில் வைப்பது, எது கனவு எது நிஜம் என்று பிரிப்பது எல்லாவற்றிலும் அதற்குப் பங்கு உண்டு. அது வந்து உட்கார நரம்பில் இருக்கைகள் இருக்கின்றன. பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, அட்ரோப்பின் செய்வது அதுதான். தானும் ஒரு வேலையும் செய்யாது, உட்கார வேண்டியவரையும் உட்கார விடாது.

இந்த இருக்கைகள் மூளையில் மட்டும் இல்லை. எச்சில், வியர்வைச் சுரப்பிகள், கண்மணி, இதயம், குடல், சிறுநீர்ப்பை என்று எங்கும் உண்டு. நினைத்துப் பாருங்கள்: அன்றிரவு அத்தைக்கு வாய் வறண்டிருக்கும், உடம்பு அனலாகக் கொதித்தும் ஒரு சொட்டு வியர்வை இருந்திருக்காது, முகம் சிவந்து, கண்மணி பெரிதாகி, நெஞ்சு படபடவென்று அடித்திருக்கும். சிறுநீர் போகாமல் குழாய் வைத்திருப்பார்கள். இல்லாத நூலை இழுப்பதும் பூச்சியைப் பொறுக்குவதும் இந்த விஷத்தின் முத்திரை மாதிரி. 'உன்மத்தம்' என்ற சொல்லின் வழியாகத்தான் ஊமத்தை என்ற பேரே வந்தது. பெயர் வைத்தவர்கள் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

புகைத்தபோது வராதது குடித்தபோது வந்ததற்குக் காரணம், உள்ளே போன அளவு. ஒரே செடியில்கூட இலைக்கு இலை, பருவத்துக்குப் பருவம் விஷத்தின் அளவு மாறும். போதாக்குறைக்கு இந்த விஷம் குடலையும் மந்தமாக்கிவிடுவதால் குடித்தது உள்ளேயே தங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். அதனால்தான் தெளிய இரண்டு நாள் ஆனது.

சரி, சளி மாத்திரை எங்கே வந்தது? மூக்கொழுகலுக்குக் கடையில் தரும் குளோர்பெனிரமின், இருமல் சிரப்பில் வரும் டைபென்ஹைட்ரமின், அமிட்ரிப்டிலின், வயிற்று வலிக்கான டைசைக்ளோமின், சிறுநீர் அடக்க முடியாதவர்களுக்கான ஆக்ஸிபியூட்டினின், எல்லாமே அதே இருக்கையில் துண்டு போடுகிறவை. சிலது சின்னத் துண்டு, சிலது பெரிசு. இளம் வயதுக்காரருக்கு ஒரு சளி மாத்திரை தூக்கக் கலக்கத்தோடு போய்விடும். 68 வயதில் அசிட்டைல்கோலின் கையிருப்பே குறைவு, மருந்தைக் கழிக்கும் ஈரலும் சிறுநீரகமும் நிதானம். அத்தையின் பஸ்ஸில் பாதி இருக்கை ஏற்கெனவே போயிருக்கிறது, மீதியைக் கஷாயம் பிடித்துக்கொண்டது. டிஸ்சார்ஜ் எழுதிய மருத்துவர் இதைத்தான் பார்த்திருக்கிறார். நல்ல மருத்துவர் என்பேன், பல இடங்களில் மாத்திரை டப்பாவைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

அமிட்ரிப்டிலினைச் சீட்டில் உள்ளபடி படிப்படியாகவே குறையுங்கள். சளிக்கு வேறு மாத்திரை தேவைப்பட்டால் மூளைக்குள் அதிகம் போகாத பெக்ஸோபெனடின் போன்றது கிடைக்கும், அதையும் மருத்துவரிடம் கேட்டே வாங்குங்கள். வீட்டிலிருக்கும் எல்லா மாத்திரையையும் சிரப்பையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போய் அவர் முன்னால் கொட்டுங்கள். பெயர் சொல்லி விளக்குவதைவிட அது சுலபம்.

ஒரு விஷயத்தில் உங்கள் அத்தையைத் திட்டாதீர்கள். ஊமத்தைப் புகைக்கு மூச்சுக்குழாயை விரிக்கும் குணம் நிஜமாகவே உண்டு. 1802 வாக்கில் இந்த வைத்தியம் மதராஸிலிருந்துதான் இங்கிலாந்துக்குப் போனது. இங்கே கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் சொல்ல, ஜென்ட் என்ற ராணுவத் தளபதி கொண்டுபோனார். அப்புறம் ஐரோப்பாவில் ஆஸ்துமா சிகரெட்டே விற்றார்கள். இன்று இன்ஹேலரில் வரும் இப்ராட்ரோபியம், டியோட்ரோபியம் இரண்டும் அதே குடும்பத்து வாரிசுகள்தான். முக்கியமான மாற்றம்: அந்த மூலக்கூறில் நிரந்தரமாக ஒரு மின்னேற்றம் இருக்கும்படி செய்துவிட்டார்கள். மின்னேற்றம் உள்ள பொருளை ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவில் இருக்கும் தடுப்பு லேசில் உள்ளே விடாது. ஆகவே "இன்ஹேலரும் ஊமத்தைச் சரக்குதானே" என்று யாராவது சொன்னால், ஆமாம், ஆனால் மூளைக்குள் நுழைய முடியாத ஊமத்தை என்று சொல்லுங்கள். இன்ஹேலரை நிறுத்த வேண்டாம்.

இதன் மறுபக்கத்தை நம் ஊர் வார்டுகளில் தினம் பார்க்கிறோம். ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்து உடம்பில் ஏறினால், அசிட்டைல்கோலினை உடைக்கும் நொதி முடங்கி, அது வழிந்து ஓடும். கண்மணி ஊசிமுனையாகி, எச்சிலும் வியர்வையும் கொட்டும். அதற்கு முறிவு, சுத்தமான அட்ரோப்பின் ஊசி. அந்த ஊசி சற்றுக் கூடிப்போய், நோயாளி காற்றில் நூல் இழுப்பதைப் பயிற்சிக் காலத்தில் நானே பார்த்து மிரண்டிருக்கிறேன். திருப்பிப் போட்டாலும் சரிதான். 1864-இல் பிராகில் சில கைதிகள் அட்ரோப்பின் கரைசலைச் சாராயம் என்று நினைத்துக் குடித்துவிட, கிளைன்வாக்டர் என்ற மருத்துவர் மேற்கு ஆப்பிரிக்காவின் கலபார் அவரை என்னும் விஷ விதையின் சாற்றைக் கொடுத்தார். அந்த விதையும் பூச்சிமருந்தைப் போல அசிட்டைல்கோலினைப் பெருக்குவதுதான். கூட்டம் கூடினால் துண்டைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள் அல்லவா, அதே கதை. ஆனால் உங்கள் அத்தைக்கு அது தேவைப்பட்டிருக்காது. உடம்புச் சூட்டைக் குறைத்து, படபடப்பை அடக்க ஒரு மருந்து கொடுத்துக் காத்திருப்பதே பலருக்குப் போதும்.

இன்னும் சில நாள் அவருக்குக் கண் மங்கலாக இருக்கலாம், வெளிச்சம் கூசலாம், ஊசியில் நூல் கோக்க முடியாது. இது தானாகச் சரியாகும். ஆனால் கண் சிவந்து, தலை பிளக்கும்படி வலித்து, விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். கண் அழுத்தம் ஏறியிருக்கலாம். சிறுநீர் அடைத்தாலும் காத்திருக்காதீர்கள்.

இனி வீட்டில் யாராவது இப்படி எதையாவது தின்றுவிட்டால், எலுமிச்சம்பழம், புளிக்கரைசல், மோர் எதுவும் வாயில் ஊற்றாதீர்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். குழம்பிப் போனவருக்குப் புரையேறி அது நுரையீரலுக்குள் போய்விடும். 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, தின்ற இலையையோ காயையோ ஒரு பையில் எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி வரும்வரை கிணறு, மாடிப்படி, அடுப்பு பக்கம் போகாமல் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். கயிற்றால் கட்டிவிடாதீர்கள், திமிறத் திமிறச் சூடு ஏறும்.

செடி விஷயம். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடென்றால் வேரோடு பிடுங்கிவிடுங்கள். முள்காய் வெடித்தால் உள்ளே விதைகள் கத்தரி விதை மாதிரியே இருக்கும், பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் போலத் தோன்றும். பிடுங்கியதை மாட்டுத் தீவனத்தில் கலந்துவிடாமல் குழிதோண்டிப் புதையுங்கள். பிரதோஷத்துக்குப் பூ வேண்டும் என்று அத்தை ஒரு செடியை விட்டுவைக்கச் சொன்னால் விட்டுவையுங்கள். பூப் பறித்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் கண்ணைக் கசக்கக் கூடாது, சாறு பட்டால் அந்தக் கண்மணி மட்டும் விரிந்து நிற்கும். காய் பிடிக்கும்போதே கிள்ளி எறிந்துவிடுங்கள்.