வௌவாலும் குளத்துப் பச்சையும்

கேள்வி: மகள் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாள். பழந்தின்னி வௌவாலையும், குளத்தில் பச்சையாய் மிதக்கிற மைக்குரோசிஸ்ரிஸ் பற்றீரியாவையும் ஒப்பிட்டு எழுதிவரச் சொல்லியிருக்கிறார்களாம். ‘ரெண்டுக்கும் உயிர் இருக்கு, வேறென்ன ஒற்றுமை அம்மா?’ என்கிறாள். எனக்கும் சொல்லத் தெரியவில்லை.
- ஒரு வாசகி, கந்தளாய், திருகோணமலை

பதில்: நல்ல சோடியாய்த்தான் பார்த்துக் கொடுத்திருக்கிறார்கள்! வேற்றுமை எழுத மகளுக்கு நான் தேவையில்லை. ஒன்று இறக்கையை விரித்தால் நாலடி, மற்றதில் இருநூறைத் தொட்டுத் தொட்டு அடுக்கினால்தான் ஒரு மில்லிமீற்றராவது தேறும். ஒன்று வருடத்துக்கு ஒரு குட்டி போடும், மற்றது தானே இரண்டாய்ப் பிளந்துகொண்டே போகும். ஒன்றின் கலத்தில் கரு, அதாவது டி.என்.ஏ.யைப் பொத்தி வைத்திருக்கிற உறை உண்டு, மற்றதில் இல்லை. முறை பார்த்தால், அந்தப் பற்றீரியாவை விட, கலத்தில் கரு உள்ள, தான் தொங்குகிற இலுப்பை மரம்தான் வௌவாலுக்குக் கிட்டிய சொந்தம்.

இறக்கை இல்லாவிட்டாலும் பற்றீரியாவுக்கும் ஏறி இறங்கத் தெரியும். கலத்துக்குள் புரதத்தாலான நுண்ணிய வாயு அறைகள் இருக்கின்றன. வெயிலில் சீனி செய்து உடம்பு கனத்தால் கீழே போகும், சீனி செலவானதும் மேலே வரும். காற்றடிக்காத காலையில் குளத்து ஓரமெல்லாம் பச்சைப் பெயின்ற் கொட்டியதுபோல் கிடக்கிறதே, அது இப்படி மேலே வந்த கூட்டம்தான்.

சரி, ஒற்றுமைக்கு வருவோம். விடிய எழும்பி மாமரத்தடியைப் பாருங்கள், வௌவால் சாற்றை உறிஞ்சிவிட்டுத் துப்பிய சக்கை உருண்டை உருண்டையாய்க் கிடக்கும். அந்தச் சாற்றின் இனிப்பைச் செய்தது மாவிலைக் கலங்களுக்குள் வெயிலில் சீனி செய்கிற பச்சை நுண்ணுறுப்பான பச்சையவுருமணி. அதுவோ நூறு கோடி வருடங்களுக்கும் முன்னர் இன்னொரு கலத்துக்குள் புகுந்து அங்கேயே குடியிருந்துவிட்ட ஒரு சயனோபற்றீரியாவின் வாரிசு. மைக்குரோசிஸ்ரிஸும் அந்தச் சயனோபற்றீரியா இனம்தான், அதாவது பச்சையவுருமணி உங்கள் குளத்துப் பச்சையின் ஒன்றுவிட்ட உறவு. வௌவாலின் தசையில் அந்தச் சீனியிலிருந்து பறக்கச் சக்தி எடுக்கிற இழைமணி என்ற நுண்ணுறுப்பும் இன்னொரு பற்றீரியாவின் வழிவந்ததுதான், இன்றைக்கும் அதற்குச் சொந்த டி.என்.ஏ. இருக்கிறது. ஆக, வௌவாலின் இனிப்பைச் செய்வதும் அதைச் சக்தியாக்குவதும் பற்றீரியா வழிவந்தவைதான், இதுதான் ஒற்றுமை. அமெரிக்க உயிரியலாளர் லின் மார்குலிஸ் இந்தக் கருத்தை எழுதியபோது சஞ்சிகைகள் பல திருப்பியனுப்பின, கடைசியில் 1967இல்தான் வெளிவந்தது. மகள் இதை எழுதட்டும், ரீச்சர் புள்ளி குறைக்க மாட்டார்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. இந்தப் பற்றீரியாவில் சில வகை ஈரலைக் கெடுக்கிற நஞ்சை உண்டாக்கும், கொதிக்க வைத்தாலும் அது போகாது. பச்சை படர்ந்த இடத்துத் தண்ணீரைக் குடிக்க எடுக்காதீர்கள், மாட்டையும் அந்தப் பக்கம் விடாதீர்கள்.