மைலேஜுக்காகக் காரை மாற்றலாமா?

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டியில் வசிக்கிறேன். ஏழு பேர் அமரும் டீசல் கார் வைத்திருக்கிறேன், கடன் முடிந்துவிட்டது. மாதம் சுமார் 1,000 கி.மீ. ஓடுகிறது, இரண்டு முறையாவது குடும்பத்துடன் ஏற்காடு செல்கிறோம். லிட்டருக்கு 10 கி.மீ.தான் கிடைக்கிறது. இதைக் கொடுத்துவிட்டு, மேலும் 7 லட்சம் ரூபாய் கடன் வாங்கி, 15 கி.மீ. தரும் புதிய கார் எடுக்கலாமா?

பதில்: மைலேஜ் மட்டும்தான் காரணம் என்றால் வேண்டாம். ஆண்டுக்கு 12,000 கி.மீ. ஓட்டும் உங்களுக்கு இப்போது 1,200 லிட்டர் செலவாகிறது. புதிய காரில் 800 லிட்டர் ஆகும். டீசல் லிட்டர் 93 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மிச்சமாகும் 400 லிட்டரின் மதிப்பு 37,200 ரூபாய், அதாவது மாதம் 3,100 ரூபாய். ஆனால் 7 லட்சத்தை 9.5 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுகளுக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 14,700 ரூபாய் வரும். மொத்த வட்டி மட்டும் 1,82,000 ரூபாய். ஐந்து ஆண்டுகளில் டீசலில் நீங்கள் மிச்சப்படுத்துவது 1,86,000 ரூபாய். மிச்சம் பிடித்தது வட்டிக்கே சரியாகப் போய்விடும். புதிய காருக்கான கூடுதல் காப்பீட்டுத் தொகையை நான் இதில் சேர்க்கவே இல்லை.

மைலேஜ் என்ற எண்ணை விட்டுவிட்டு லிட்டரில் கணக்கிட்டால் இன்னொன்றும் புலப்படும். உங்கள் கார் 10-லிருந்து 11 கி.மீ.க்கு உயர்ந்தாலே ஆண்டுக்கு 109 லிட்டர், பத்தாயிரம் ரூபாய்க்கு மேல், குறையும், 15 கி.மீ. தரும் காரில் அதே ஒரு கிலோமீட்டர் கூடினால் 50 லிட்டர்தான் குறையும். ஆகவே அதிகம் குடிக்கும் பெரிய வண்டியில்தான் சிறு கவனிப்புக்கும் பலன் அதிகம்.

அந்த ஒரு கிலோமீட்டரைப் பெறுவது கடினமன்று. ஓட்டுநர் கதவருகே ஒட்டப்பட்டிருக்கும் தாளில் குறைந்த ஆட்களுக்கு ஒன்றும் முழுச் சுமைக்கு ஒன்றுமாக இரு காற்றழுத்த அளவுகள் இருக்கும். ஏற்காடு புறப்படும் காலையில், டயர் சூடேறும் முன், இரண்டாவது அளவுக்குக் காற்றைச் சரிபாருங்கள். கூரைமேல் கேரியர் இருந்தால், தேவையில்லாத நாட்களில் கழற்றிவிடுங்கள். மெதுவாக ஏறும் மலைப்பாதையில் அதனால் பெரிய நட்டமில்லை, கோவை நெடுஞ்சாலையில்தான் அது டீசலைத் தின்னும். அங்கே 110-க்குப் பதிலாக 85 கி.மீ. வேகத்தில் சென்றாலே வேறுபாட்டைக் காண்பீர்கள்.

ஏற்காட்டுப் பயணத்தைக் குறை சொல்லாதீர்கள். ஆட்களோடு இரண்டு டன்னுக்கு மேற்பட்ட வண்டியை அடிவாரத்திலிருந்து ஏறத்தாழ 1,200 மீட்டர் உயர்த்துவதற்கு மட்டுமே இரண்டு லிட்டர் அளவுக்குத் தேவைப்படும். எந்த மெக்கானிக்காலும் அதைத் தவிர்க்க முடியாது. இறங்கும்போது மிச்சம் பிடிப்பதாக எண்ணிச் சிலர் நியூட்ரலில் விடுகிறார்கள். கியரில் வைத்து ஆக்சிலரேட்டரை விட்டால் இன்றைய எஞ்சின்களில் டீசல் செல்வதே நின்றுவிடும். நியூட்ரலிலோ எஞ்சின் எரிபொருளைக் குடித்துக்கொண்டே இருக்கும், இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் பிரேக் ஒன்றையே நம்ப வேண்டியிருக்கும்.

மாதம் 14,700 ரூபாய் கட்டும் வசதி உங்களுக்கு இருப்பதாகத் தெரிகிறது. அதில் ஏறத்தாழ பாதியை, 7,000 ரூபாயை, அஞ்சலக ஐந்தாண்டுத் தொடர் வைப்பில் போட்டு வாருங்கள். வட்டி நீங்கலாகவே 4,20,000 ரூபாய் சேரும்; அப்போது இந்தக் கார் ஓய்வு கேட்டால், வாங்க வேண்டிய கடன் பெருமளவு குறைந்திருக்கும்.